கெழங்கு, எலை, ஒலகம்

என் முதல் கட்டுரை திருத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது, மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் விரிவுரையாளர் இரண்டே சொற்கள் எழுதியிருந்தார். "யார் சொன்னார்?"

சிங்கப்பூரின் முதல் தமிழ்ப் பத்திரிகை 1935இல் தொடங்கிய தமிழ் முரசு என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில்தான் அந்தக் கேள்வி. இதையெல்லாம் ஒருவர் சொல்ல வேண்டுமா, ஊருக்கே தெரிந்ததுதானே என்று எனக்கு முதலில் கோபம்கூட வந்தது. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து முரசுதான். சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரே தமிழ்த் தாள் அது. அதற்கு முன்னால் வேறொன்று இருந்திருக்கும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

"சார், நான் எழுதியது தவறா?" என்று மின்னஞ்சல் போட்டேன். மறுநாள் பதில் வந்தது. "தவறா சரியா என்று நான் சொல்லப்போவதில்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்ததை வகுப்பில் சொல்லுங்கள்."

அப்போது எனக்கு 41 வயது. உட்லண்ட்ஸில் மின்னணுச் சில்லு செய்யும் ஆலையில் டெக்னீஷியன். 12 மணி நேர ஷிஃப்ட். தலையிலிருந்து கால்வரை மூடிய வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு தூசி இல்லாத அறைக்குள் நிற்கிற வேலை. அந்த வேலையை விடாமல், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பில் பகுதிநேரமாகச் சேர்ந்திருந்தேன். 2005இல் சிம் பல்கலைக்கழகம் என்று தொடங்கி, 2017இல் அரசாங்கத்தின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமாக மாறிய அதே இடம். வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே கட்டப்பட்ட பள்ளி என்பதால் வகுப்பு இரவு 7 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும். தமிழ்ப் பட்டப்படிப்பு அங்கே 2006இல் வந்தது. நான் அந்த விவரத்தைக் கவனிக்கவே எனக்கு 16 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அதே கிளமெண்டி சாலையில், சற்றுத் தள்ளி இருக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரியில்தான் 1998 முதல் 2001 வரை மின்னணுவியல் படித்தேன். அங்கேயும் பெரிய நூலகம் இருந்தது. குளிராக இருக்கும் என்பதற்காக மட்டும் போவேன். மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டு பஸ் ஏறுவேன். ஒரு விரிவுரையாளர் ஒவ்வொரு வாரமும், சந்தேகம் இருந்தால் என் அறைக்கு வாருங்கள் என்பார். மூன்று ஆண்டுகளில் ஒரு தடவையும் நான் போகவில்லை. கேள்வி கேட்டால், புரியவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். டிப்ளோமா கிடைத்தது, வேலை கிடைத்தது. ஆனால் 74ஆம் எண் பஸ்ஸில் அந்த வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம், திறந்து கிடந்த அந்த அறைக் கதவு ஞாபகத்துக்கு வரும்.

அதனால்தான் இந்தத் தடவை போனேன்.

லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் பணியாளர் ஒருவர், பழைய தாள்களைப் படமெடுத்து வைத்திருக்கும் நுண்படச் சுருளை எப்படிக் கருவியில் மாட்டுவது, எப்படித் திருகுவது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். திரையில் வந்தது சிங்கை நேசன். 1887ஆம் ஆண்டு ஜூன் 27, திங்கட்கிழமை வெளிவரத் தொடங்கிய வார இதழ். விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 50 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடிய அதே மாதம். ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு. இதற்கு முன்னால் 1875இல் சிங்கை வர்த்தமானி என்று ஒன்றை அவர் நடத்தியிருக்கிறார். அதன் இதழ்கள் இன்று கிடைப்பதில்லை. 1876இல் தங்கை நேசன், 1882இல் ஞானசூரியன் என்று வேறு பெயர்களும் இருக்கின்றன. அவையும் பெயராக மட்டுமே மிஞ்சியவை. சிங்கை நேசன் 1890 வரை வந்தது. நாம் கையில் எடுத்துப் படிக்கும்படி மிஞ்சியிருப்பது அதுதான்.

முரசுக்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒருவர் தமிழில் பத்திரிகை அச்சடித்திருக்கிறார்! அன்று அந்தத் திரைக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுத்துகள் பழையவை. 'லை', 'னை' எல்லாம் யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் மேலே கொம்பு வைத்தவை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்திய வடிவம். எனக்குச் சிறுவயதில் வீட்டுக்கு வரும் கடிதங்களில் பார்த்த ஞாபகம் இருந்ததால் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டேன். சொற்களுக்கு நடுவே இடைவெளி குறைவு, வாக்கியங்கள் ஒரு பத்தி நீளத்துக்குப் போகின்றன. ஆனாலும் அந்த ஆள் என்னோடு பேசுவது கேட்டது. இதே தீவில், இதே வெயிலில், 135 ஆண்டுகளுக்கு முன்னால்.

வகுப்பில் இதைச் சொன்னேன். விரிவுரையாளர் பாராட்டவில்லை. "சரி. இப்போது அந்த வரியை எப்படி எழுதுவீர்கள்?" என்று கேட்டார். கிடைத்த இதழ்களில் மிகப் பழையது இது, பெயர் மட்டும் தெரிந்தவற்றில் பழையது அது என்று பிரித்துச் சொன்னேன். "ம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த "ம்" எனக்குப் போதுமானதாக இருந்தது.

சரி, பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆலையில் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். அரசாங்க மானியம் போக மீதியைத் தவணையாகக் கட்டுகிறேன். 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு என்னிடம் விசாரித்தவர்கள் நிறையப் பேர். இதைப் படித்தால் சம்பளம் கூடுமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. என் ஷிஃப்டை மாற்றிக்கொள்ளும் மலாய்த் தோழி மட்டும் அப்படிக் கேட்டதில்லை. வகுப்புள்ள நாள் என்றால், "கக், நீ போய்ப் படி, நான் நிற்கிறேன்" என்பாள். கக் என்றால் மலாயில் அக்கா. நான்கு ஆண்டுகளாக அவள் நின்ற இரவுகளில்தான் என் படிப்பு நடக்கிறது.

இனி என் தாத்தாவின் ஒரு வெள்ளியைப் பற்றி.

தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். முரசை அவருக்கு யாராவது படித்துக்காட்ட வேண்டும். அவர் 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஒரு வெள்ளி கொடுத்தார் என்று பாட்டி அடிக்கடி சொல்வார். கோயில் விஷயம் ஏதோ என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்க வந்த பிறகுதான் அது எது என்று தெரிந்தது. 1949இல் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்து மலாயாப் பல்கலைக்கழகத்தை இங்கே சிங்கப்பூரில் அமைத்தார்கள். அதில் இந்தியவியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, தமிழுக்கு முதலிடமா சமஸ்கிருதத்துக்கா என்ற கேள்வி எழுந்தது. தமிழுக்கே என்று முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் வாங்க, தமிழர் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளி தாருங்கள் என்று கேட்டார். துறைமுகத்திலும் தோட்டங்களிலும் வேலை செய்தவர்கள் கொடுத்தார்கள்.

கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலைப் பார்த்திருப்பார்கள்? என் தாத்தா பார்த்ததில்லை. தான் படிக்க முடியாத புத்தகத்தை, தான் நுழைய முடியாத நூலகத்தில் வைப்பதற்குத் தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்தத் துறை 1956இல் தொடங்கியது. பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர்ப் பக்கத்தோடு போய்விட்டது. 50 ஆண்டு கழித்து, 2006இல், மாலையில் வேலை முடிந்து வருகிறவர்களும் தமிழில் பட்டம் படிக்க இங்கே ஓர் இடம் வந்தது. கணினியில் பாடம் திறக்கும்போது சில நாள் அந்த வெள்ளி ஞாபகம் வரும். டிஎம்ஏ என்கிற ஒப்படைப்புக்குக் கெடு நள்ளிரவு, நான் இன்னும் பாதிகூட எழுதவில்லை, கண் செருகுகிறது என்றிருக்கும்போது முக்கியமாக வரும்.

அதற்குப் பிறகு இங்குள்ள பல்கலைக்கழகங்கள் எப்படித் தொடங்கின என்று தேடிப் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. 1904இல் டான் ஜியாக் கிம் என்ற வணிகரின் தலைமையில் சமூகத் தலைவர்கள் ஒரு மருத்துவப் பள்ளி வேண்டுமென்று ஆளுநரிடம் மனுக் கொடுத்தார்கள். பணம் திரட்டி வாருங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் 87,077 வெள்ளி திரட்டினார்கள். அதில் 12,000 டான் ஜியாக் கிம் தாமே கொடுத்தது. 1905 ஜூலையில் 23 மாணவர்களோடு பள்ளி திறந்தது. இடம் சிப்பாய் லைன்ஸ், ஒரு காலத்தில் இந்தியச் சிப்பாய்கள் தங்கியதால் வந்த பெயர். கட்டடம், அதற்கு முன் பெண்களுக்கான மனநோய் விடுதியாக இருந்தது. இன்றைய தேசியப் பல்கலைக்கழகத்தின் தொடக்கம் அதுதான். நன்யாங் பல்கலைக்கழகத்துக்காக 1954இல் முச்சக்கரச் சைக்கிள் ஓட்டிகள் ஒருநாள் வருமானத்தை அப்படியே கொடுத்திருக்கிறார்கள். சீனச் சைக்கிள்காரரும் தமிழ் மூட்டைக்காரரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஆனால் இந்த நான்கு ஆண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், மொழியியல் பாடம் என்பேன். இலக்கியம் படிக்கத்தான் வந்தேன். மொழியியல் கட்டாயம் என்பதால் எடுத்தேன்.

தொடக்கப்பள்ளி இரண்டிலோ மூன்றிலோ, கட்டுரையில் 'வாழை எலை' என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, வகுப்பில் எழுப்பி நிற்கவைத்துப் படிக்கச் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். வீட்டில் அம்மா எலை என்றுதான் சொல்வார். கெழங்கு, ஒடம்பு, ஒலகம், எளநி. அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தமிழ் கொச்சை, நாங்கள் சரியாகப் பேசத் தெரியாதவர்கள் என்பது எனக்குள் பதிந்துபோனது. ஆசிரியர்கள் முன்னால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவேன். 30 ஆண்டுகளுக்கு மேல் அப்படித்தான் இருந்தேன்.

மொழியியல் மூன்றாம் வகுப்பில் விரிவுரையாளர் பலகையில் இரண்டு வரிசை எழுதினார். இலை, இடம், விலை, நிறம், கிழங்கு, உடம்பு, உலகம், புடவை, குடை, முகம். இவற்றை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். எலை, எடம், வெலை, நெறம், கெழங்கு, ஒடம்பு, ஒலகம், பொடவை, கொடை, மொகம். அடுத்த வரிசை: கிளி, புலி, துணி, குருவி, புளி, குதிரை. இவற்றை? யாரும் கெளி என்றோ பொலி என்றோ சொல்வதில்லை. "ஏன்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார்.

பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. எங்கள் வகுப்பில் பாலர்பள்ளி ஆசிரியைகள் நால்வர், தாதி ஒருவர், பஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர், 60 வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர். பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் ஆலையில் செய்வது இதுதான். நூறு சில்லில் எவை பழுது, பழுதானவற்றுக்குப் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடுவது. திடீரென்று கண்ணில் பட்டது. முதல் எழுத்தைப் பார்க்கக் கூடாது, இரண்டாம் எழுத்தைப் பார்க்க வேண்டும்! லை, ட, ழ, ல, க என்று அகரமோ ஐகாரமோ வந்தால் மாறுகிறது. லி, ளி, ணி, ரு என்று இகரமோ உகரமோ வந்தால் மாறவில்லை. பின்னால் வாயை அகலத் திறக்கப்போகிறோம் என்பதால், முன்னால் வரும் இகரமும் உகரமும் கொஞ்சம் முன்கூட்டியே திறந்துகொண்டு எகரமும் ஒகரமும் ஆகின்றன.

கையைத் தூக்கினேன். சொன்னேன். குரல் நடுங்கியது.

உடனே பஸ் ஓட்டும் அண்ணன், "அப்படின்னா முத்தம் ஏன் மொத்தம் ஆகலை?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம், ஆனால் கேள்வி சரியான கேள்வி. முத்தம், சுத்தம், பித்தம், சிங்கம் எதுவும் மாறுவதில்லை. நடுவில் மெய் இரண்டாக நின்றால் வழி அடைபட்டுவிடுகிறது. ஒற்றை மெய்யாக இருந்தால்தான் பின்னால் வரும் உயிர் முன்னால் இருப்பதை இழுக்க முடிகிறது. அன்று வகுப்பு முடிய 10:20 ஆகிவிட்டது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கிங் ஆல்பர்ட் பார்க்கில் ரயில் ஏறி, ஸ்டீவன்ஸில் மாறி, உட்லண்ட்ஸ் வரும்வரை ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒருநாளும் கிளியைக் கெளி என்று சொன்னதில்லை. கிழங்கைக் கிழங்கு என்றும் சொன்னதில்லை. எவை மாறும், எவை மாறாது என்று ஒரு சொல்லிலும் அவர் பிசகியதில்லை. பள்ளிக்கூடமே போகாத அம்மாவின் வாயில் இப்படி ஓர் இலக்கணம் உட்கார்ந்திருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரயிலில் கூட்டம் இல்லாததால் பரவாயில்லை.

அந்தச் சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனேன். காய்கறி வாங்கத்தான், ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பொடலங்கா, சொரக்கா, கெழங்கு. விதிப்படி மாறின. முருங்கைக்காய், புளி, இஞ்சி. விதிப்படி மாறவில்லை. அப்புறம் ஒரு பாட்டி, "மொளகா என்ன வெலப்பா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விதிப்படி மிளகாய் மெளகா ஆக வேண்டும். இகரம் எப்படி ஒகரம் ஆனது? எங்கள் வீட்டிலும் மொளகாதான், நான்தான் கவனித்ததில்லை. சந்தையில் நின்றபடியே விரிவுரையாளருக்குச் செய்தி அனுப்பினேன்.

பொண்ணு, பொட்டி, புள்ள, புடி என்று நாலு சொல்லை மட்டும் திருப்பி அனுப்பினார். மொளகாவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். பெண், பெட்டி, பிள்ளை, பிடி. முன்னால் உதடு கூடிப் பிறக்கிற ப, ம. பின்னால் நாக்கு வளைந்து பிறக்கிற ண, ட, ள. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இகரமும் எகரமும் உதட்டைக் குவித்துக்கொள்கின்றன. இது இன்னொரு விதி. மிளகாயில் இரண்டு விதியும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. கையில் பையோடு அந்த ஈரத்தரையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கடைக்காரர், "அக்கா, மொளகா வேணுமா வேண்டாமா?" என்று கேட்டபிறகுதான் நகர்ந்தேன்.

தமிழ்ப் பாடத்தில் பேச்சுத் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று 2005இல் கல்வி அமைச்சின் மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. நான் பள்ளியில் படித்தபோது அப்படி ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் இப்போதாவது கிடைத்ததே.

என் மகன் தேசிய சேவை முடித்துவிட்டு இப்போது கெண்ட் ரிட்ஜில், தேசியப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. கணினித்துறை. கெட்டிக்காரன். ஆனால் பாதி நாள் வளாகத்துக்கே போவதில்லை. "லெக்சர் எல்லாம் பதிவு பண்ணி வெச்சிருக்காங்கம்மா, ரெண்டு மடங்கு வேகத்துல பார்த்துக்கலாம்" என்கிறான். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. நானும் 18 வயதில் நூலகத்தில் தூங்கியவள்தான். ஆனால் சும்மா விடவும் மனம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன் பள்ளிக்கூடத்தை எனக்குச் சுற்றிக்காட்டு என்று கேட்டு அழைத்துப்போகச் சொன்னேன். லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. 2015இல் திறந்தது. அவன் அதன் வாசல்வரை போனதே இல்லை.

உள்ளே மூன்று டைனோசர் எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கூடுகிறார்கள். நாங்கள் நின்றது திமிங்கிலத்தின் முன்னால். அது ஸ்பெர்ம் திமிங்கிலம். 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அப்பால் இறந்து மிதந்ததை அரும்பொருளகத்து ஆட்கள் இழுத்துவந்து, சதையை நீக்கி, எலும்பு எலும்பாகச் சுத்தம்செய்து நிறுத்தியிருக்கிறார்கள். 10.6 மீட்டர் நீளம். குடலில் பிளாஸ்டிக் கப்பும் உணவுப் பொட்டலத்தின் உறையும் இருந்தனவாம். மகன் வெகுநேரம் பேசாமல் நின்றான். "இதை எப்படிம்மா ஒண்ணு சேர்த்தாங்க? எந்த எலும்பு எங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. "சேர்த்தவர்கள் இந்தக் கட்டடத்தில்தானே வேலை செய்கிறார்கள், நீ இங்கே மாணவன், மின்னஞ்சல் போட்டுக் கேள்" என்றேன். "கேட்டா பதில் சொல்வாங்களா?" என்றான். அந்தக் கேள்வியில் 18 வயதில் இருந்த என்னையே பார்த்தேன்.

சொல்வார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். இந்த நான்கு ஆண்டில் விரிவுரையாளர், நூலகர் என்று எத்தனையோ பேருக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறேன். இரவு ஷிஃப்ட் இடைவேளையில் 3 மணிக்கு அனுப்பியவையும் உண்டு. பெரும்பாலும் பதில் வந்தது. சில தடவை, எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம் என்று வந்தது. அப்படி வந்த நாட்களில் நான் தூங்கியதில்லை. மாணவி என்ற ஒரே காரணத்துக்காக, இவ்வளவு படித்தவர்கள் தங்கள் நேரத்தைத் தருகிறார்கள். பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தபிறகு, இவ்வளவு சுலபமாக யாரிடம் கேட்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் படிப்பு முடிய இன்னும் ஒரே பருவம் இருக்கிறது என்பது சந்தோஷமாகவும் இருக்கிறது, கவலையாகவும் இருக்கிறது.

மகன் மின்னஞ்சல் போட்டானா என்று நான் கேட்கவில்லை. போட்டிருந்தால் ஒருநாள் சொல்வான்.

கடைசிப் பருவத்துக்கு ஒரு சிறு ஆய்வு எழுத வேண்டும். என் 13 வயது மகள் எலை என்று சொல்வதில்லை. இலை என்றே சொல்கிறாள், கிழங்கு என்றே சொல்கிறாள். வீட்டில் அம்மாவும் நானும் இப்படிப் பேசியும் அவளிடம் அந்த மாற்றம் இறங்கவில்லை. பள்ளியில் எழுத்துத் தமிழை முதலில் படித்ததாலா, வீட்டில் ஆங்கிலம் கூடிவிட்டதாலா, அல்லது எங்கள் காதுக்குத்தான் அப்படிக் கேட்கிறதா? விரிவுரையாளரிடம் கேட்டேன். ஒரு வீட்டை வைத்துக்கொண்டு ஊரைப் பற்றிப் பேச முடியாது, ஆனால் ஒரு வீட்டைப் பற்றி ஒழுங்காகப் பேசலாம், முதலில் பதிவு செய்யுங்கள் என்றார்.

அதனால் போன வாரம் சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்துவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்தேன். 71 வயது. கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். காரணம் சொன்னால் கவனமாகப் பேச ஆரம்பித்துவிடுவார் என்று முதலில் சும்மா பேச்சுக் கொடுத்தேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு விஷயத்தைச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு என்னையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பேசறதையா பல்கலைக்கழகத்துல படிக்கிறாங்க?"

"ஆமாம்மா."

"எதை?"

"கெழங்குன்னு சொல்றீங்கல்ல, அதை."

கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, குனிந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"கெழங்கு."